சிரிப்பு வைக்காமல் விட்ட இடம்

ஊரே காறித் துப்பிய படத்துக்கு அவரோடு போகக் கூடாது என்பது குடும்பத்தில் எழுதாத சட்டம். படம் மோசம் என்று நாம் வாயெடுத்ததுமே, "இல்லையே, வில்லனோட டிரைவர் கதவைத் திறந்துவிட்டுட்டு ஒரு நொடி தயங்கி நிக்கறானே, பாத்தீங்களா?" என்பார். யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். டிரைவரைப் பார்க்க யார் டிக்கெட் எடுக்கிறார்கள்? ஊர் கொண்டாடிய படத்துக்கு அவரோடு போவது இன்னும் ஆபத்து. எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வரும்போது, "அழுதது நீங்க இல்ல, வயலின்" என்பார்.

அலுவலகத்தில் அவருக்கு 'இல்லையே' என்று பெயர். நேரிலேயே அப்படித்தான் கூப்பிடுவார்கள். அந்தப் பெயர் தனக்குப் பொருந்தாது என்று அவர் மறுத்தார். அதோடு பெயர் நிலைத்துவிட்டது. அவர் மனைவி ஒருமுறை படம் விட்டு வரும்போது சோதனையாக அவர் சொன்னதையெல்லாம் அப்படியே ஒப்புக்கொண்டு பார்த்தாராம். வீடு வந்து சேர்வதற்குள் மனிதர் எதிர்க்கட்சிக்குத் தாவிவிட்டார்.

இப்படிப்பட்டவர் பார்த்த வேலை, பிறர் சொல்வதற்கெல்லாம் சிரிப்பு வைப்பது. தொலைக்காட்சி நிலையத்தில் வாரந்தோறும் வரும் அரசியல் நையாண்டி நிகழ்ச்சியை ஆளில்லாத அரங்கில் படம் பிடிப்பார்கள். பார்வையாளர்களின் சிரிப்பைப் பிறகு இவர் சேர்ப்பார். லிஃப்ட் மோட்டாருக்கு அடுத்த அறை. லிஃப்ட் ஏறி இறங்கும்போதெல்லாம் மேசை உறுமும். ஒலிப்பெட்டகத்தில் எப்போதோ பதிவு செய்த சிரிப்புகள் கிடந்தன. எல்லாவற்றுக்கும் அவர் பெயர் வைத்திருந்தார். 'அவசர அக்கா' நகைச்சுவை முடிவதற்குள் சிரித்துவிடுவாள். 'பின்வரிசை அண்ணன்' எல்லோரும் ஓய்ந்த பிறகு புரிந்துகொண்டு சிரிப்பார். அவரை விட்டால் ஆளில்லை என்று இவருக்கு அபிப்பிராயம்.

வேலையில் அவருக்கென்று ஒரு முறை இருந்தது. முதல் ஓட்டத்தில் தனக்கே சிரிப்பு வந்த இடங்களில் மட்டும் சிரிப்பு வைப்பார். வராத இடங்களைக் கடைசிக்குத் தள்ளிவிட்டு, நாற்காலியை இங்கும் அங்கும் நகர்த்தி, எழுந்து நடந்து, தேநீர் குடித்து, வேறு வழியே இல்லை என்றான பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு நிரப்புவார்.

நிகழ்ச்சியை நடத்தியவன் அவருடைய மைத்துனன், மனைவியின் தம்பி. நிலையத்தில் அவனைச் சேர்த்துவிட்டதே இவர்தான். கல்யாணமான புதிதில், பள்ளிக்கூடத்துப் பையனாக இருந்த அவன் இவர் நடப்பதையும் மறுப்பதையும் இவருக்கு முன்னாலேயே நடித்துக் காட்டினான். இவர் தும்மித் தும்மிச் சிரித்தார். தன்னை இவ்வளவு கவனித்த ஒரே ஆள் அவன்தான் என்று அன்று முடிவு செய்துகொண்டார்.

அந்த வாரம் மைத்துனன் சட்டைக்குள் தலையணை திணித்து, மந்திரி ஒருவரைப் போலத் தொந்தி குலுங்க மேடையைச் சுற்றி நடந்தான். வசனம் கிடையாது. நடைதான். இவருக்குச் சிரிப்பு வரவில்லை. தொந்தி எல்லாக் கட்சியிலும் இருக்கிறது. அது கொள்கை ஆகாது. வழக்கம்போல அந்த இடத்தைத் தள்ளிப் போட்டார். பிறகு தேநீர், நடை, இன்னொரு தேநீர். அந்த இடம் மறுபடி நினைவுக்கு வருவதற்குள் ஒளிபரப்புப் பிரிவு நிகழ்ச்சியை எடுத்துக்கொண்டு போய்விட்டது.

வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து அவரே அதைப் பார்த்தார். மைத்துனன் நடந்தான், நடந்தான், நடந்துகொண்டே இருந்தான். ஒரு சத்தமும் இல்லை. காலணி தரையில் உரசுவது மட்டும் கேட்டது.

"ஏங்க, டிவி ரிப்பேரா?" என்றார் மனைவி.

"டிவி நல்லாத்தான் இருக்கு" என்று எழுந்து போய்ச் சமையலறையில் நின்றார். பிறகு அங்கிருந்தும் வந்துவிட்டார்.

மைத்துனன் தொலைபேசியில் கத்தினான். "மாமா! என்னை நடுத்தெருவுல நிக்க வெச்சுட்டீங்களே!"

"மறந்துட்டேன்டா."

"மறக்கற விஷயமா இது?"

காலையில் காற்று திசை மாறிவிட்டது. அந்த மௌனத்தைப் பற்றித்தான் எங்கும் பேச்சு. ஒரு தேசத்தின் சிரிப்பு செத்துப்போனதைக் காட்டிய துணிச்சல் என்று ஒரு விமரிசகர் எழுதினார். இன்னொருவர் அதில் பசியைக் கண்டார். தலையணைக்குள் பசியைக் கண்டுபிடிக்கப் படிப்பு வேண்டும். மதியத்துக்குள் மைத்துனனே மனம் மாறி மறுபடி அழைத்தான்.

"மாமா, நேத்து கத்திட்டேன். நீங்க யோசிச்சுத்தானே செஞ்சீங்க?"

"இல்லையே. உன் தொந்தி நல்லா இல்ல. தள்ளி வெச்சேன், மறந்துட்டேன். அவ்வளவுதான்."

"இதை வெளியில சொல்லாதீங்க" என்றான் மைத்துனன்.

வெளியில் சொல்லவில்லை. அதுதான் அவரைப் படுத்தியது. பேருந்தில் யாரோ அந்த மௌனத்தைப் புகழ்ந்தபோது வாயைத் திறந்து, மூடி, தன் நிறுத்தத்துக்கு முன்பாகவே இறங்கி நடந்தார். வாழ்க்கையில் முதல்முறையாக மறுப்பதற்கு அவரிடம் கெட்டியான ஆதாரம் இருந்தது, மறுக்கத்தான் வழியில்லை. செருப்பு அலமாரியை அடுக்கினார்; கலைத்தார்; மறுபடி அடுக்கினார். மனைவி பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "சொன்னா என்ன ஆகும்? வேலை போகும், போகட்டுமே" என்றார்.

"வேலைக்கு என்ன. உன் தம்பி ஜோக் எழுதறதை நிறுத்திட்டான். தெரியுமா உனக்கு?"

உண்மை. சும்மா நின்றாலே கொண்டாடுகிறார்கள் என்று தெரிந்த பிறகு எவன் மெனக்கெட்டு எழுதுவான்? அடுத்தடுத்த வாரங்களில் மைத்துனன் மேடையில் நின்றான், உட்கார்ந்தான், தண்ணீர் குடித்தான். புகழ் கூடியது. இப்படியே போனால், தன்னைத் தும்ம வைத்த அந்தப் பையன் இனி யாரையும் சிரிக்க வைக்கப் போவதில்லை என்பதுதான் இவரை உட்கார விடாமல் செய்தது.

பிறகு மேலாளர் கூப்பிட்டுச் சொன்னார்: "இந்த வாரம் முழுசும் மௌனம். ஒரு சிரிப்புகூடக் கூடாது. நீங்க தொடவே வேண்டாம், சும்மா அனுப்பிடுங்க."

தொடாமல் அனுப்பத்தான் போனார். ஆனால் போட்டுப் பார்த்தார். நெடுநேரம் நின்றுகொண்டும் நடந்துகொண்டும் இருந்த மைத்துனன், பழக்க தோஷத்தாலோ என்னவோ, நடுவில் ஒரு சின்னக் காட்சி நடித்துவிட்டான். மந்திரி நிருபர்களிடம், "நடந்ததுக்கு வருந்துகிறேன்" என்கிறார். "என்னங்க நடந்தது?" என்று கேள்வி. மந்திரி மெதுவாகத் திரும்பித் தன் செயலாளரைப் பார்க்கிறார். அப்புறம், "அதைக் கண்டுபிடிக்கக் கமிஷன் போட்டிருக்கு" என்கிறார். "கமிஷன் எப்ப அறிக்கை தரும்?" "அதுக்கும் வருந்துகிறேன்."

மந்திரி திரும்பிப் பார்த்த இடத்திலேயே இவருக்குத் தும்மல் வந்துவிட்டது. லிஃப்ட் உறுமியது. எழுந்து கதவைச் சாத்தினார். உட்கார்ந்தார். அவசர அக்காவை எடுத்தார், வைத்துவிட்டார். கடைசியில் பின்வரிசை அண்ணனின் சிரிப்பை, தனியாக, சரியாக அந்தத் திரும்பலின் மேல் வைத்து அனுப்பினார். அண்ணன் வாழ்க்கையில் முதல்முறையாக நேரத்துக்குச் சிரித்தார்.

புகழ் சரிந்தது. மௌனத்தை விற்றுவிட்டார்கள், நிலையம் பணிந்துவிட்டது, யாரோ மேலிடத்திலிருந்து மிரட்டியிருக்கிறார்கள் என்று எழுதினார்கள். பசியைக் கண்ட விமரிசகர் இப்போது துரோகத்தைக் கண்டார். மேலாளர் இவரை வானிலை அறிக்கைக்கு மாற்றினார். அங்கே மழைக்கு மழைச் சத்தம் சேர்க்க வேண்டும்.

மைத்துனன் நேரே வீட்டுக்கு வந்தான். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"என் பேரைக் கெடுத்துட்டீங்க மாமா. உங்களுக்கு என்ன கோபம் என்மேல?"

"கோபம் இல்லடா. சிரிப்பு வந்துச்சு."

"நிஜமாவா?"

"பின்ன? தும்மிட்டேன்."

மைத்துனன் சுவரில் சாய்ந்தான். திட்டுவதற்குக் கொண்டுவந்த மிச்சத்தை மென்று விழுங்குவது தெரிந்தது. "சரி, எதுக்கு அங்க வெச்சீங்க? அந்தத் திரும்பல் சும்மா மூச்சு வாங்கறதுக்கு. சிரிப்பு 'அதுக்கும் வருந்துகிறேன்'ல இருக்கு."

"அது வசனம். யார் வேணும்னாலும் எழுதுவான். திரும்பினது நீ."

"வசனத்தை யோசிக்க எனக்கு எவ்வளவு நேரமாச்சு தெரியுமா?"

"தெரியுதே, அதான் சொல்றேன்."

மனைவி தம்ளர்களை எடுத்துக்கொண்டு நடுவில் புகுந்தார். "டேய், செருப்பைக் கழட்டிட்டுச் சண்டை போடு."

கழற்றினான். திரும்பலை ஒருமுறை நடித்துக் காட்டினான். இவர் இல்லையென்று தலையசைத்தார்: அன்றைக்கு இன்னும் மெதுவாக இருந்ததாம். மறுபடி நடித்தான். இப்போது ரொம்ப மெதுவாம். அக்கா போதும் என்கிற வரை இது நடந்தது. பிறகு மைத்துனன் சட்டைப்பையிலிருந்து மடித்த தாளை எடுத்து, அடுத்த வாரத்துக்கு நின்றுகொண்டே இருப்பதோடு வேறு ஏதாவதும் இருக்கட்டுமே என்று கிறுக்கியது என்றான். "படிக்கட்டுமா? வானிலைக்காரருக்கு நேரம் இருக்கா?"

"படி."

படித்தான். இவர் முகம் அசையவில்லை. அடுத்ததைப் படித்தான். ஜன்னலைத் திறந்துவிட்டு வந்து உட்கார்ந்தார். மூன்றாவதைப் படிக்கத் தொடங்கி, தானே பாதியில் நிறுத்தி, அதன்மேல் கோடு இழுத்தான்.

"அக்கா, பேனா எழுத மாட்டேங்குது. வேற இருக்கா?"

"மேசையைக் காலி பண்ணுடா, சாப்பாடு வெக்கணும்."

"இரு அக்கா, இரு" என்றான் அவன், நிமிராமல்.