ஒரே முறை கேட்டார்

ஓய்வு பெற்ற மறு வருடம் விருத்தாசலத்திலிருந்து ஸ்வீடனில் இருக்கும் மகனிடம் போனேன். மகளின் பிரசவத்துக்காக மனைவி ஊரிலேயே தங்கிவிட்டாள். மகன் வேலைக்குக் கிளம்பிவிட்டால் நானும் ஆறிப்போன சோறும்தான் வீட்டில்.

ஒரு மதியம் ஊரிலிருந்து கொண்டுவந்த பீங்கான் பொம்மை ஒன்றுடன் எதிர்வீட்டுக் கதவைத் தட்டினேன். தனியாக வாழும் பெரியவர். அவருக்குப் பின்னால் மேசையில் மீனிலும் உருளைக்கிழங்கிலும் ஆவி பறந்தது.

"சாப்பிடுகிறீர்களா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"வேண்டாம், இப்போதுதான் சாப்பிட்டேன்."

நம் ஊர் நடைமுறைப்படி முதல் அழைப்பை மறுக்க வேண்டும். இரண்டாவதற்குத் தயங்க வேண்டும். மூன்றாவதற்கு உட்கார வேண்டும். நடைமுறையை நான் மீறியதே இல்லை. அவரோ தலையாட்டி, பொம்மைக்கு நன்றி சொல்லி, கதவைச் சாத்திக்கொண்டார்.

மனைவிக்குப் போன் போட்டுப் புலம்பினேன்.

"பசிக்குதுன்னு சொல்ல வேண்டியதுதானங்க? கெஞ்சிக் கெஞ்சி சோறு போட அவரு என்ன உங்களுக்கு வாக்கப்பட்டா வந்தாரு?" என்று சிரித்தாள்.

போனை வைத்ததும் வீடு முன்னைவிட அமைதியாகிவிட்டது. மறுபடியும் போய்க் கதவைத் தட்டினேன்.

"பசிக்கிறது" என்றேன்.

அவருக்கு ஆச்சரியமே இல்லை. மீன் தீர்ந்திருந்தது. மிச்சமிருந்த உருளைக்கிழங்கை வெண்ணெயில் புரட்டி வைத்துவிட்டு, நான் சாப்பிட்டு முடிக்கும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருந்தார்.

அதுவரை யாரிடமும் வாய்விட்டுச் சோறு கேட்டதில்லை என்பதில் எனக்கு ஒரு பெருமை இருந்தது. அந்தப் பெருமையை வைத்துக்கொண்டு எத்தனை மதியம் தனியாகச் சாப்பிட்டிருக்கிறேன் என்று அன்றுதான் நினைத்துப் பார்த்தேன்.