நான்காவது படுக்கை

ஆற்று வெள்ளம் வீட்டுக்குள் இடுப்பளவு ஏறி வடிந்த பிறகு, எங்கள் வாசலில் நிவாரண அலுவலகத்தார் ஒரு கரவனைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். விடுமுறைக்குக் காரில் கட்டி இழுத்துப்போகிற, சில்லு வைத்த அதே வீடுதான். சிட்னியில் தமிழர் நிறைய இருக்கும் பென்டில் ஹில்லில் விலை கட்டுப்படியாகாமல் ஆற்றோரம் வீடு வாங்கியது என் யோசனை. அக்கா அதை ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

கரவனில் நான்கு படுக்கை, நான்கு தலையணை, நான்கு கோப்பை. நாங்களோ மூன்று பேர்: நான், அக்கா, பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும் அவள் மகள்.

"ஏனக்கா நாலு?" என்று கேட்டேன்.

"ஃபோர்மில நாலு பேர் எண்டுதான் நிரப்பினனான்."

மருமகள் போனிலிருந்து தலையை எடுக்காமல், "ஷி ஆல்வேஸ் டஸ் தட், மாமா. அப்பாவையும் சேர்த்து," என்றாள்.

அத்தான் போரின் கடைசி நாட்களில் காணாமற்போனவர். முகாமில் பங்கீட்டு அட்டைக்குப் பெயர் பதிந்தபோது அக்கா அவரையும் பதிந்தாள். அங்கே பல பெண்கள் அப்படித்தான் செய்தார்கள். அரிசிக்காக அல்ல. பெயரை விட்டால் ஆளையே விட்டதாகிவிடும் என்ற பயம். அந்தப் பழக்கத்தை அவள் சிட்னிவரை கொண்டுவந்துவிட்டாள். எனக்கு அது எரிச்சல். ஒரு முடிவுக்கு வந்தால் பிழைத்துக்கொள்வாள் என்று நினைத்தேன். இன்றைக்கும் பாதி அப்படித்தான் நினைக்கிறேன்.

கரவனில் ஆள் ஏறினால் வாசற்பக்கம் லேசாகத் தாழும், இறங்கினால் உயரும். யார் வந்தார், யார் போனார் என்று பார்க்காமலே தெரியும். இரண்டாவது கிழமை, பின்னேரம் நாலு மணி போல, மூவரும் உள்ளே இருந்தபோது வாசற்பக்கம் தாழ்ந்தது. கதவைத் திறந்தேன். படியில் ஒருவரும் இல்லை. ஈர மண்ணில் கரவனின் இரும்புக் கால் புதைகிறது என்று சொல்லி, மரக்கட்டை வைத்து இறுக்கினேன். மறுநாளும் அதே நேரம் தாழ்ந்தது. மேசையில் கிடந்த கரண்டி மெல்ல உருண்டது. மருமகள் போனைக் கீழே வைத்தாள். அக்கா நிமிரவே இல்லை. நாலாவது கோப்பையிலும் தேநீர் ஊற்றினாள். நான் கரண்டியை எடுத்து அந்தக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தேன்.

அதன் பிறகு ஒருநாளும் தவறவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை நிவாரண அலுவலகத்துப் பெண் பட்டியலோடு வந்தார். பிள்ளைகளோடு நாலு பேர் உள்ள ஒரு குடும்பம் இன்னமும் மண்டபத்துத் தரையில் படுக்கிறது, அதனால் ஒவ்வொரு கரவனிலும் ஆட்களைச் சரிபார்க்கிறோம் என்றார். உண்மையில் இங்கே எத்தனை பேர் தூங்குகிறீர்கள் என்று கேட்டார்.

நான் வெளியே, கரவனில் தோளைச் சாய்த்து நின்றேன். மணி நாலு தாண்டியிருந்தது; அன்றைக்கும் வாசற்பக்கம் தாழ்ந்திருந்தது. அக்கா குசினி அடுப்புப் பக்கத்திலிருந்து என்னையே பார்த்தாள். தரையில் கிடக்கும் பிள்ளைகளை நினைத்தேன், அது பொய்யல்ல. ஆனால் பல வருட எரிச்சலும் அதோடு சேர்ந்தே வாயில் வந்தது.

"மூன்று பேர்," என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

என் தோளோடு உரசிக்கொண்டு கரவன் மெல்ல உயர்ந்தது.

அந்தப் பெண் திரும்பிப் பார்த்தார். யாராவது இறங்கினார்களா என்று கேட்டார். இல்லை என்றேன். இதற்குப் பதிலாகச் சிறிய கரவன் திங்கட்கிழமை வரும் என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்.

அக்கா கத்துவாள் என்று பயந்தேன். அவள் வாசலுக்கு வந்து முதலில் படியைப் பார்த்தாள், பிறகு தெருவைப் பார்த்தாள்.

"நீ சொன்னது பிழையில்லை, தம்பி. அந்தப் பிள்ளையள் படுக்கத்தானே வேணும். ஆனா அவர் படியில நிண்டு கேட்டிட்டார். இனி வரமாட்டார்."

எனக்கு மன்னிப்புக் கேட்கத் தோன்றியது. யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை. அக்கா உள்ளே போய் நான்காவது படுக்கையின் விரிப்பை உதறி மடித்தாள். மடித்து முடித்து, அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"இண்டைக்கு என்ன திதி எண்டு போனில பார்," என்றாள். "வருசா வருசம் அவருக்குச் செய்யிறதுக்கு ஒரு நாள் வேணுமெல்லே."