துரை ‘பார்க்கிறேன்’ என்றது

சிகாமட் நகருக்கு ஐந்து மைல் தள்ளியிருந்த ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாகச் சேர்ந்த முதல் நாள், ஆங்கிலம் நன்றாகத் தெரியுமா என்று மட்டும்தான் வெள்ளைக்காரத் துரை கேட்டார். பள்ளியில் ஆங்கிலத்துக்குப் பரிசு வாங்கியவன் நான். தலை நிமிர்ந்தே பதில் சொன்னேன்.

அவர் வாயில் அதிகம் புழங்கிய சொல் ‘ஸீ’, அதாவது ‘பார்’. ‘ஸீ த லைன்ஸ்’ என்றால், வேலையாட்கள் குடியிருக்கும் லயன் வீடுகளைச் சுற்றி வந்து, வேலைக்கு வராமல் படுத்திருப்பவர்களின் பெயரை எழுதி வா. ‘ஸீ மீ’ என்றால் வசவு காத்திருக்கிறது. ‘ஐ ஸீ’ என்றால் அவர் காதில் வாங்கவேயில்லை. ‘ஐ வில் ஸீ’, ‘பார்க்கிறேன்’, என்றால் முடியாது. இந்தக் கடைசிப் பொருள் பள்ளியில் சொல்லித் தந்ததல்ல. எனக்கு ஒரு மாதத்தில் விளங்கியது. வேலையாட்களிடம் மட்டும் நான் அதைச் சொன்னதே இல்லை. “தொர பாக்குறேன்னாரு” என்பேன். கும்பிட்டுப் போவார்கள். அவருக்கும் தொல்லை இல்லை, எனக்கும் இல்லை.

மூன்றாம் ஆண்டு மழைக்காலத்தில், காலையில் பேர் கூப்பிடும் பெரட்டில் ரப்பர் பால்வெட்டுக்காரி அஞ்சலை வந்து நின்றாள். அவள் கணவன் முத்தனுக்குக் கடுங்காய்ச்சல். தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிரெசர் கைவிரித்துவிட்டார். சிகாமட் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக மாட்டுவண்டி கேட்டாள். வழியில் ஆறு ஏறிக்கொண்டிருந்தது.

நான் ஆங்கிலத்தில் எடுத்துச் சொன்னேன். துரை முகம் திருப்பாமலே ‘ஐ வில் ஸீ’ என்றார்.

“என்னங்கையா சொல்றாரு?”

“பாக்குறேன்னாரு. போய் இரு.”

“வண்டி வருங்களா? இல்லேன்னா இப்பவே சொல்லிடுங்கையா. தண்ணி பாலத்துக்கு ஏறுறதுக்குள்ள நாலு பேரு தோள்ல தூக்கிட்டுப் போயிருவாங்க.”

வராது என்ற ஒரு சொல் போதும். துரை பக்கத்திலேயே நின்றார்.

“தொரயே சொல்லிட்டாரு, அப்புறம் என்ன கேள்வி? போ!” என்று அதட்டினேன்.

மத்தியானம் பாலம் மூழ்கியது. அஞ்சலை மாற்றுத்துணியை மூட்டை கட்டி மடியில் வைத்தபடி, லயன் வாசலில் வண்டிப்பாதையைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். வண்டியோ துரை பங்களாவுக்கு விறகு இழுத்துக்கொண்டிருந்தது. மறுநாள் விடிந்ததும் முத்தன் இறந்தான். நான் போய்ச் சொன்னபோது துரை ‘ஐ ஸீ’ என்று செய்தித்தாளைப் புரட்டினார்.

இன்றும் வயிறு எரிகிறது. முடியாது என்று சொல்லுமளவுக்குக்கூட எங்களை மதிக்காத திமிர் அது. அந்தத் திமிரைத் தேன் தடவி அவளிடம் கொடுத்தவன் நான்.

ஒரு வாரம் கழித்து அஞ்சலை பால்வாளியுடன் பெரட்டுக்கு வந்தாள். எல்லோர் முன்னும் என்னைக் கேட்டாள்:

“தொர பாத்துட்டாராங்கையா?”

ஆபீஸ் வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். மேலே இருப்பவர் முடியாது என்றால், கீழே நிற்பவரிடம் முடியாது என்றே சொல்லுங்கள். அவருக்கு நடந்து போகவாவது நேரம் இருக்கும்.