மாகி நாளில் நான் கேட்ட வேலை

அன்று வீட்டில் இருந்தவர்களைச் சொல்லிவிடுகிறேன். நான். என் சம்சாரம். மகன், அவனுக்கு ஹூஸ்டனில் ஆயில் கம்பெனியில் கம்ப்யூட்டர் வேலை. மருமகள், ஆஸ்பத்திரியில் நர்ஸ். பேத்தி, ஏழு வயது. மருமகளின் அம்மா, நேபாளத்திலிருந்து மூன்று மாதம் இருந்துவிட்டுப் போக வந்தவர். அவ்வளவுதான்.

மருமகள் தாரு ஜனம். நேபாளத்தின் தெற்கே, இந்திய எல்லையை ஒட்டி வயல் வைத்திருப்பவர்கள். இங்கே டெக்சாஸில் படிக்க வந்த இடத்தில் மகனோடு பழக்கம். விஷயம் தெரிந்தபோது நான் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் பேசினேன். மருமகள் என் சம்சாரத்திடமிருந்துதான் தமிழ் கற்றுக்கொண்டாள். அதனால் அவள் பேசுவது எங்கள் நாமக்கல் பேச்சு. கடையில் பார்க்கிற சென்னைக்காரர்கள் சிரிப்பார்கள்.

எங்களுக்குத் தை ஒன்று பொங்கல். அவர்களுக்கு அதே நாள் மாகி. வருடப் பிறப்பு அதுதான். ஹூஸ்டன் பக்கம் சுகர் லேண்டில் எங்கள் வீட்டில் இரண்டையும் ஒன்றாகச் செய்கிறோம்.

மாகிக்கு முந்தின நாள் அவர்களுக்குப் பன்றிக்கறி. எங்களுக்குப் போகி. சம்சாரம் முதல் வருடமே சொல்லிவிட்டாள்.

"வூட்டுக்குள்ள வேண்டாஞ் சாமி. சட்டி வெளியவே இருக்கட்டும். கழுவறதும் வெளியவே."

"சரிங்கத்தை," என்றாள் மருமகள்.

இந்த வருடமும் பின்னால் கொல்லையில் கிரில் வைத்துச் சுட்டார்கள். நான் இரண்டு துண்டு தின்றேன். சம்சாரம் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டாள். அன்று முழுக்க எனக்குத் தனித் தட்டு.

மறுநாள் விடிவதற்கு முன் குளிக்க வேண்டும். அவர்கள் ஊரில் ஆற்றில் முங்குவார்கள். இங்கே பக்கத்தில் பிராசோஸ் ஆறு இருக்கிறது. சம்பந்தியம்மா அங்கே போகலாம் என்றாராம்.

"முதல இருக்குதுங்க அதுல," என்றாள் சம்சாரம்.

மருமகள் அதைத் தாரு பாஷையில் சொன்னாள். சம்பந்தியம்மா ஏதோ பதில் சொன்னார். மருமகளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"எங்க ஊரு ஆத்துலயும் இருக்குதாமுங்க. மாகி அன்னைக்கு அதுவும் குளிச்சுட்டுப் போயிருமாமுங்க."

கடைசியில் கொல்லையில் செடிக்கு விடும் ஹோஸ்தான் ஆறு. நல்ல குளிர். புல் எல்லாம் பனி. பேத்தி ஒரு காலை நீட்டி, "தாத்தா, இட்ஸ் ஃப்ரீசிங்!" என்று கத்தினாள். நான் தலையோடு ஊற்றிக்கொண்டேன். லாரி ஓட்டிய காலத்தில் இதைவிடக் குளிர்ந்த தண்ணீரில் எல்லாம் குளித்திருக்கிறேன்.

குளித்தவர்கள் வரிசையாக வந்து அரிசி, உளுந்து, உப்பு மூன்றையும் தொட்டு, ஒரு கை எடுத்துத் தனியாக வைக்க வேண்டும். அது கட்டிக்கொடுத்த பெண்ணுக்கும் அக்கா தங்கைக்கும் போகிற பங்கு. சம்சாரம் முதல் தடவை இதைப் பார்த்தபோது, "இது நம்ம பொங்கச் சீருதானுங்க" என்றாள். அந்த வருடத்திலிருந்து மருமகள்மேல் கொஞ்சம் இறங்கி வந்தாள்.

சூரியன் வந்ததும் கொல்லையில் பொங்கல் வைத்தோம். பொங்கியது. சம்பந்தியம்மாவும் எங்களோடு சேர்ந்து கத்தினார். உள்ளே இட்லிப் பானையில் டிக்ரி வெந்தது. அரிசி மாவைக் கையால் உருட்டி ஆவியில் வைப்பது. நீளமாக ஒன்று, மீன் மாதிரி ஒன்று, குருவி மாதிரி ஒன்று. பேத்தி லாரி மாதிரி ஒன்று செய்து எனக்குக் கொடுத்தாள். சக்கரம் மூன்றுதான் இருந்தது. தின்றேன்.

சாப்பிட்டு முடித்ததும் கூட்டம். மாகியில் பெரிய விஷயம் அதுதான். வீட்டில் உள்ள எல்லாரும் தரையில் வட்டமாக உட்கார வேண்டும். போன வருடம் எப்படிப் போனது, இந்த வருடம் யார் என்ன வேலை செய்வது, வீட்டுக்கு யார் தலை, எல்லாம் பேசி முடிவு செய்ய வேண்டும். மனதில் உள்ளதை அன்றைக்கே சொல்லிவிட வேண்டும். முடிவானால் அடுத்த மாகி வரை அதுதான். மாற்ற முடியாது. மூன்று வருடமாக மகன்தான் தலை. இந்த வருடமும் அவனே என்று முதலில் முடித்தார்கள். பிறகு வேலை.

எங்கள் வீட்டில் சின்னவர்களிலிருந்து ஆரம்பம். பேத்தி மீன் தொட்டிக்குத் தீனி போடுவேன் என்றாள். மருமகள் தனக்குப் பிப்ரவரி கடைசியிலிருந்து காலை ஏழு மணி ஷிஃப்ட் என்றாள். மகன் ஆறரைக்கே ஃப்ரீவே பிடிக்க வேண்டியவன். பேத்தியை ஸ்கூலில் விட ஆள் இல்லை.

"ஆறு மணிக்கே டேகேர்ல விட்ரலாம். அவங்களே ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போயிடுவாங்க," என்றான் மகன்.

"நோ," என்றாள் பேத்தி.

சம்பந்தியம்மா, ஊருக்குத் திரும்பும்வரை கீரைப் பாத்தி தன் பொறுப்பு என்றார். சம்சாரம் சொன்னாள், "ஆறு நாள் சமைக்கறேன். ஞாயித்துக்கெழம நான் அடுப்புப் பக்கம் வரமாட்டேன். ஆமா, சொல்லிப்போட்டேன்." எல்லாரும் கை தூக்கினோம். அது முடிவாயிற்று.

அடுத்து நான். வழக்கமாக நான் சொல்வது புல் வெட்டுவது.

"மாமா, உங்க வேல என்னங்க?" என்றாள் மருமகள்.

"பாப்பாவ ஸ்கூல்ல விடறது. கார்ல."

எல்லாரும் மகனைப் பார்த்தார்கள்.

நான் முப்பத்தோரு வருடம் லாரி ஓட்டியவன். ஐந்தாவது வரை படிப்பு. நாமக்கல்லிலிருந்து முட்டை ஏற்றிக் கல்கத்தா வரை போயிருக்கிறேன். ஒரு முட்டை உடைந்தால் எனக்குத் தெரியும். இங்கே வந்து நான்கு வருடம். கிரீன் கார்டு இருக்கிறது. பால் வாங்க வேண்டும் என்றாலும் வேறு யாராவது சாவி எடுக்க வேண்டும். இங்கே பஸ் கிடையாது. நடந்தால் ரோடு மட்டும் வருகிறது, கடை வருவதில்லை. லைசென்ஸ் எடுக்க மருமகள் பக்கத்தில் உட்கார்ந்து ரோட்டுப் போர்டுகளைச் சொல்லிக் கொடுத்தாள். எழுத்துப் பரீட்சை இரண்டாம் தடவையில் பாஸ். டிசம்பரில் ரோடு டெஸ்ட் போனேன். ஃபெயில்.

வண்டி ஓட்டத் தெரியாமல் இல்லை. ஹார்ன். திருப்பத்தில் ஒன்று அடித்தேன். நின்ற காரைத் தாண்டும்போது ஒன்று. சைக்கிளில் போன ஒருவருக்கு ஒன்று. எங்கள் ஊரில் அது மரியாதை. நான் வருகிறேன், நீ பத்திரமாக இரு என்று சொல்வது. இங்கே அது திட்டு. சைக்கிள்காரர் இறங்கி நின்று நடுவிரலைக் காட்டினார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த டெஸ்ட் எடுக்கிற அம்மா கதவைப் பிடித்துக்கொண்டார். போதாததற்கு வலது பக்கம் ஒதுங்கி வழி விட்டு, பின்னால் வந்தவனைப் போகச் சொல்லி ஜன்னலில் கை காட்டினேன். நூற்றுக்கு எழுபது வேண்டும். அறுபத்திரண்டு.

அன்றிலிருந்து மகன் கார் சாவியை எங்கே வைக்கிறான் என்று தெரியாது.

இப்போது அவன்தான் முதலில் பேசினான்.

"அப்பா, இது நாமக்கல் பைபாஸ் இல்லப்பா. இங்க ஹார்ன் அடிச்சா ஒருத்தன் துப்பாக்கியத் தூக்குவான். ரிஸ்க் எடுக்க வேண்டாம். கார்ல பாப்பா வேற இருப்பா."

"அவரு ஹார்ன் அடிக்கலீன்னா மூச்சு நின்னு போயிருமே," என்றாள் சம்சாரம். "என்னையப் பொண்ணு பாக்க வந்தப்பவே தெருமொனையில இருந்து அடிச்சுட்டுத்தான் வந்தாரு."

"தாத்தா இஸ் அ குட் டிரைவர்," என்றாள் பேத்தி.

"நீ பாத்தியா?" என்றான் மகன்.

"பார்க்கிங் லாட்ல பாத்தேன். ரிவர்ஸ்ல, ஒரே தடவைல, பார்க் பண்ணாரு. யூ டேக் ஃபோர்."

மருமகள் குனிந்துகொண்டாள். சிரிக்கிறாள் என்று தெரிந்தது.

சம்பந்தியம்மா என்ன பேச்சு என்று கேட்டார். மருமகள் முழுவதும் சொன்னாள். சம்பந்தியம்மா என்னைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார்.

"முப்பத்தோரு வருஷத்துல யாரையாச்சும் இடிச்சிருக்கீங்களான்னு கேக்கறாங்க மாமா."

"ஒரு எருமை. ஒடிசாவுல. அது பொழைச்சுக்குச்சு."

அதையும் சொன்னாள். சம்பந்தியம்மா உடனே கையைத் தூக்கினார். பேத்தி இரண்டு கையையும் தூக்கினாள். மருமகள் அதில் ஒன்றை இறக்கிவிட்டுத் தன் கையைத் தூக்கினாள். புருஷன் பக்கம் திரும்பவே இல்லை.

சம்சாரம் யோசித்தாள். "ஹார்ன் அடிக்க மாட்டீங்களா?"

"மாட்டேன்."

"எங்க, என்னையப் பாத்துச் சொல்லுங்க."

"அடிக்க மாட்டேன்."

தூக்கினாள்.

மகன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். வீட்டுத் தலை அவன். ஆனால் கூட்டம் சொன்னதை அவன் தள்ள முடியாது. அது அவர்கள் முறை. எங்கள் பக்கம் அப்படி இல்லை. என் அப்பா சொன்னால் சொன்னதுதான். நானும் அப்படித்தான் இருந்தேன். இவன் படிக்க வேண்டியது எது என்று அவனைக் கேட்காமலே முடிவு செய்தேன். அது அப்போது ஞாபகம் வந்தது. அவனுக்கும் வந்திருக்கலாம்.

"ஓகே," என்றான். "டெஸ்ட் பாஸ் பண்ணாத்தான். ஃபெயில் ஆனா டேகேர். அதுக்கு அப்புறம் பேச்சு இல்ல."

"சரி," என்றேன்.

எழுந்து போய் சாவியைக் கொண்டுவந்தான். அரிசி டின்னுக்குள் வைத்திருந்திருக்கிறான்.

சனி, ஞாயிறு பிராக்டிஸ். மகன் பக்கத்தில். சம்சாரம் பின்னால். ஹார்ன் பக்கம் கை நகர்ந்தால் அவள் 'உச்' கொட்டுவாள். முதல் வாரம் வழி நெடுகக் கொட்டினாள். என் கைக்கு முப்பத்தோரு வருடப் பழக்கம். கட்டைவிரலை ஸ்டியரிங்குக்கு உள்ளே மடக்கி வைத்துப் பழகினேன். இரண்டாம் வாரம் வலித்தது. நான்காம் வாரம் அவள் பின்னால் தூங்கிவிட்டாள். நாலு பக்கமும் ஸ்டாப் போர்டு உள்ள இடத்தில் முதலில் வந்தவன் முதலில் போக வேண்டும். அங்கே நான் எல்லாருக்கும் வழி விட்டு நின்றுகொண்டே இருப்பேன்.

"உங்க டர்ன்பா. போங்க. யாரும் ஒண்ணும் நினைக்க மாட்டாங்க," என்பான் மகன். குரலில் கோபம் இல்லை. அவனுக்கு நான் எதையும் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்ததில்லை.

பிப்ரவரியில் இரண்டாம் டெஸ்ட். வியாழக்கிழமை காலை. மகன் லீவு போட்டான். டெஸ்ட் எடுக்க அதே அம்மா வந்தார். என்னை அடையாளம் தெரிந்தது. பெருமூச்சு விட்டார்.

கிளம்பும் முன் லைட், பிரேக், ஹார்ன் வேலை செய்கிறதா என்று பார்ப்பார்கள். ஹார்னை அடித்துக் காட்டச் சொன்னார். ஒரு முறை அடித்தேன். அதோடு சரி.

கட்டைவிரலை மடக்கிக்கொண்டேன். திருப்பம் வந்தது. நின்ற கார் வந்தது. குப்பை வண்டி ஒன்று நடுரோட்டில் நின்றது. காத்திருந்தேன். பின்னால் காரில் இருந்தவன் எனக்கு ஹார்ன் அடித்தான். நான் திரும்பவில்லை. அந்த அம்மாதான் திரும்பிப் பார்த்து முறைத்தார். ஸ்டாப் போர்டில் என் முறை வந்தது. போனேன். இரண்டு கம்பங்களுக்கு நடுவே பின்னால் எடுத்துச் சொருகச் சொன்னார். ஒரே தடவை. இறங்கிப் போய் இடைவெளியைக் குனிந்து பார்த்தார். ஏறி உட்கார்ந்து, "சார், வாட் டிட் யூ டிரைவ் பிஃபோர்?" என்றார்.

"லாரி. டென் வீல்," என்றேன்.

"ஆஃப் கோர்ஸ்," என்றார்.

ஆபீசுக்குள்ளே மகன் நாற்காலியில் உட்காராமல் நின்றுகொண்டிருந்தான். மருமகள் போனில் இருந்தாள். அவள் பின்னால் ஆஸ்பத்திரிச் சத்தம் கேட்டது. காகிதத்தை அவனிடம் கொடுத்தேன். மேலிருந்து கீழ்வரை படித்தான். மறுபடி படித்தான். போனை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனான். மூன்றாம் தடவை படிக்க ஆரம்பித்தான்.

"எத்தனங்க? சொல்லுங்க, எத்தன?" என்று அவள் கத்தியது எனக்கே கேட்டது.

போனை வாங்கி நானே சொன்னேன்.

தொண்ணூற்று மூன்று.