நோன்பாளி என்று பெயரெடுத்தவர்

1958ஆம் ஆண்டு, பங்குனி வெயில் ஏறத் தொடங்கியபோதுதான் உடையப்பன் சனாவுல்லாவை முதன்முதலாகக் கண்டார். உடையப்பன் திண்டுக்கல் கிளைச்சிறையில் வார்டர், அதாவது சிறைக்காவலர். சனாவுல்லாவோ, தோல் பதனிடும் ஷாப்பின் வாசலில் நடந்த கைகலப்புக்காக வந்த விசாரணைக் கைதி. சுண்ணாம்புத் தொட்டியில் நின்று நின்று கால் வெளுத்துப்போன மனிதர். வந்த அன்றே, "எங்க ஷாப்பு நாத்தத்துக்கு உங்க ஜெயிலு அத்தரு மாதிரில்ல இருக்கு" என்று சொல்லி, அறையிலிருந்தவர்களைச் சிரிக்க வைத்தார்.

அது ரமலான் மாதம். மறுநாள் அவர் காலைக் கஞ்சியைத் தொடவில்லை. அதைக் கண்ட உடையப்பன், அனைவரும் கேட்க, "பாத்தீகளாப்பா, உள்ள வந்தும் பாய் நோன்ப விடல" என்றார். சனாவுல்லா தலையை மட்டும் அசைத்தார். அன்றுமுதல் அவருடைய பங்கை மூடிவைத்துப் பொழுது சாய்ந்ததும் கொடுத்துவந்தார் உடையப்பன். அப்போதும் சனாவுல்லா தண்ணீரோடு நிறுத்திக்கொண்டார். அதையும் பக்தி என்றே காவலர் எண்ணினார்.

அவ்வாரம் மனுப் போட்டுக் கணவரைப் பார்க்க மனைவி பக்ருன்னிசா வந்தாள். உடையப்பன் அவளிடம் கணவரின் நோன்பைப் புகழ்ந்தார். அவள் முகம் வெளிறியது.

"அவுக நோன்பு வைக்கிறதில்லண்ணே. வயித்துப்புண்ணு. வலி எடுத்தா கஞ்சிகூட எறங்காது. பட்டினி கெடந்தா ரத்தமா வாந்தி எடுப்பாக."

கைதி வாய்திறந்து கேட்காவிட்டாலும், நலம் குன்றியவராகத் தோன்றினால் உடனே மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும் என்பது விதி. அவர் அறைக்கு ஓடினார். சனாவுல்லா சுவரோரம் சுருண்டு கிடந்தார். வாய்க்கருகே துண்டில் கறுத்த இரத்தம்.

"ஏன் பாய் சொல்லல?"

"அம்புட்டுப் பேருக்கு முன்னால என்னைய நோன்பாளின்னுட்டீக. பெறகு எந்த மொகத்தோட சொல்றது?"

மாலைவரை பார்க்கலாம் என்றார் தலைமைக் காவலர். உடையப்பன் இணங்காமல், கைதிக்கு ஏதேனும் நேர்ந்தால் இருவருமே பதில் சொல்ல வேண்டும் என்று வாதாடி, குதிரைவண்டி வரவழைத்து மருத்துவமனைக்குக் கொண்டுசென்றார். வயிற்றுக்குள் இரத்தக்கசிவு நிற்கவில்லை என்றும், முன்னரே கொண்டுவந்திருக்க வேண்டும் என்றும் மருத்துவர் கூறினார்.

கட்டிலருகே உடையப்பன் காவல் நின்றார். காவலில் இருப்பவர் இறந்தால் மாஜிஸ்திரேட் விசாரணை உண்டு. மருத்துவரிடம் ஏன் தெரிவிக்கவில்லை என்று கேட்பார். நோயை நோன்பென்று தவறாக எண்ணியதை உள்ளபடியே சொல்லிவிடுவது என்று உடையப்பன் முடிவு செய்திருந்தார்.

சனாவுல்லா அவரைக் குனியுமாறு சைகை காட்டினார். அவர் கடைசியாக வேண்டிக்கொண்டது இதுதான்:

"நான் நோன்பு வைக்கலங்கறத யாருகிட்டயும் சொல்லிப்புடாதீக, வார்டரய்யா."