ஓடைக்கு அக்கரையில் ஒரு பெருங்காலன்

பெருங்காலன், அதாவது பிக்ஃபுட் என்கிற காட்டுக் குரங்குமனிதன், உண்டு என்பதற்கு ஆர்விட் சோல்பெர்க் வாழ்நாள் முழுக்கச் சேர்த்த ஆதாரங்களைப் பரப்பி வைக்க மேஜை வேண்டாம், ஒரு முக்காலி போதும். சாந்தில் வார்த்த கால் அச்சு ஒன்று. அதில் ஆறு விரல் தெரியும். ஆறாவது மரவேர் என்பார். அடுத்து ஒரு கொத்து முடி. அதை எங்கோ தூரத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினார். வயதான ஆண் மனிதனுடையது, சாயம் பூசியது என்று பதில் வந்தது. அன்றோடு ஆர்விட் தலைக்குச் சாயம் பூசுவதை விட்டுவிட்டார்.

மூன்றாவது, ஒலிப்பதிவுக் கருவி. அதைத் தொட யாரையும் விடமாட்டார்.

அமெரிக்காவில் காஸ்கேட் மலையடிவாரத்து எல்க்ஹார்ன் ஓடை ஊரில் பிறந்த பையன்கள் என்ன ஆவார்களோ அதுவே ஆனார், மர லாரி டிரைவர். ஒரு பனிமூட்டக் காலையில் உயரமாக, கறுப்பாக, இரண்டு காலில் ஏதோ ஒன்று சாலையைக் கடந்தது. மற்ற டிரைவர்கள் அப்படி எதையாவது பார்த்தால் அடுத்த கடையில் காபி குடித்துத் தெளிந்துகொள்வார்கள். ஆர்விட் பிரேக் போட்டு இறங்கினார். அதற்கப்புறம் அவர் அந்த லாரியில் முழுசாக ஏறவே இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். கால் அச்சு எடுக்கக் கலக்கிய சாந்து குளியல் தொட்டியிலேயே இறுகிப்போன அன்று அவர் மனைவி நெவாடா பாலைவனத்துக்குக் கிளம்பினாள். அங்கே மரமே கிடையாதுதானே என்று விசாரித்துவிட்டுத்தான் போனாளாம்.

அவருக்கு இருந்தது ஒரே கூட்டாளி, டெல்மர் ஃபிட்ச். ரம்பம் பழுது பார்ப்பவர். ஆர்விட் சொன்னதை ஊரில் முதலில் நம்பியவரும் அவரே, அதிகமாக நம்பியவரும் அவரே. அந்த அதிகத்தில்தான் வினை வந்தது. பெருங்காலன் எலும்பும் சதையுமான குரங்கு என்பது ஆர்விட் கட்சி. அப்படியானால் ஏன் ஒரு பிணம்கூடக் கிடைக்கவில்லை, அது வேறு உலகத்திலிருந்து ஒளிவாசல் வழியாக வந்து போகிறது என்பது டெல்மர் கட்சி. ஊர் நடத்தும் பெருங்காலன் திருவிழாவில், மேடையில், மைக் முன்னாலேயே இது வெடித்தது.

"குரங்குக்கு எதுக்குய்யா வாசலு? காலிங் பெல்லும் வச்சிருக்கா?" என்றார் ஆர்விட்.

டெல்மர் நிதானமாகச் சொன்னார். "நீ அன்னைக்குத் தூக்கக் கலக்கத்துல பாத்தது எல்க் மானோட பின்பக்கம். இத்தன நாளா உம் மனசு நோகக் கூடாதுன்னு சொல்லாம இருந்தேன்."

கூட்டம் கைதட்டியது. ஊருக்கு அந்த வருஷம் பெருங்காலன் டீ-ஷர்ட் நன்றாக விற்றது. அவர்கள் இருவரும் அதோடு பேச்சை நிறுத்தினார்கள். மலையையும் பிரித்துக்கொண்டார்கள். ஓடைக்கு இக்கரை ஆர்விட்டுக்கு, அக்கரை டெல்மருக்கு. ஆளுக்கொரு ஆராய்ச்சிச் சங்கம் வேறு. ஒவ்வொன்றிலும் தலைவர் மட்டும்தான் உறுப்பினர்.

பெருங்காலன் மரத்தைத் தட்டித்தான் பேசும் என்பது இந்த ஆட்களின் சாஸ்திரம். பேஸ்பால் மட்டையால் நாம் தட்டினால் அது பதிலுக்குத் தட்டுமாம். ஆர்விட் சனிக்கிழமை தவறாமல், சூரியன் முகட்டுக்குப் பின்னால் இறங்கும்போது, தன் தேவதாரு மரத்தில் மூன்று தட்டு தட்டுவார். கருவியை நீட்டிக்கொண்டு காத்திருப்பார். சற்றைக்கெல்லாம் ஓடைக்கு அக்கரையிலிருந்து இரண்டு தட்டு வரும். டொக். டொக். வருஷக்கணக்காக இது நடக்கிறது. மழையிலும் வரும். ஆர்விட்டுக்கு இந்த உலகத்தில் தவறாமல் பதில் சொன்ன ஒரே ஜீவன் அதுதான்.

அக்கரையில் யார் உட்கார்ந்திருப்பார் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். சாப்பாட்டுக்கடை நெடீனுக்கு இன்னும் நன்றாகத் தெரியும். ஞாயிறு காலையில் ஆர்விட் முட்டையும் பன்றி இறைச்சியும் தின்றுகொண்டே, அது பதில் சொல்லிற்று என்பார். சர்ச் விட்டு மதியம் டெல்மர் வந்து, மூன்று தட்டுத் தட்டி அது என்னைக் கூப்பிட்டது, நானும் இரண்டு தட்டுத் தட்டி மரியாதை செய்தேன் என்பார். இருவருக்கும் ஹக்கிள்பெரிப் பழம் வைத்துச் சுட்ட இனிப்பு ஒரு துண்டு கூடுதலாக விற்கும். நெடீன் எதற்கு வாயைத் திறக்கிறாள்?

இந்த வருஷத் திருவிழாவில் அந்தப் பதிவை ஊரே கேட்கப் போட்டுக் காட்டுவதாக ஆர்விட் வாக்குக் கொடுத்திருந்தார். தெளிவான பதில் இன்னும் ஒன்று கிடைத்தால் தேவலை. அந்த நேரம் பார்த்துப் பதில் நின்றுபோனது. ஒரு சனிக்கிழமை போனது. அடுத்ததும் போனது. ஆர்விட் தட்டித் தட்டி மட்டையில் விரிசல் விட்டதுதான் மிச்சம்.

டெல்மர் காலை ஒடித்துக்கொண்டு வீட்டோடு கிடக்கிறார் என்பதை யாராவது சொல்லியிருக்கலாம். ஆனால் அந்தப் பெயரைக் கேட்டாலே ஆர்விட் காபியை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போய்விடுவார். ஞாயிற்றுக்கிழமை முட்டையை அவர் தொடாமல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து நெடீன் பக்கத்தில் வந்து நின்றாள்.

"என்ன ராசா, ஆறிப்போச்சே."

"செத்துப்போச்சு போல நெடீன்."

அவள் மேஜையைத் துடைத்தாள், சுத்தமாக இருந்த இடத்தையே. "அக்கரைல போய்ப் பாத்துட்டு வாயேன். செத்த ஒடம்பு கெடச்சா உனக்குத்தான லாபம்?"

லாபம்தான். பிணம் என்று ஒன்று இருந்தால் ஒளிவாசல் கட்சி அன்றோடு காலி. டெல்மர் முகத்தில் கரி. ஆர்விட் தார்ப்பாயும் அளவு நாடாவும் கேமராவும் எடுத்துக்கொண்டார். யாரும் பார்க்கவில்லை என்று நிச்சயம் செய்துகொண்டு ஒரு பை ஆப்பிளையும் பீச் பழ டப்பா ஒன்றையும் உள்ளே திணித்தார். ஒருவேளை உடம்புதான் சரியில்லையோ என்னவோ.

இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக ஓடையைக் கடந்தார். முழங்கால் வரை நனைந்தது. பெரணிச் செடிகளை விலக்கிக்கொண்டு, பதில் வரும் திக்கிலேயே ஏறினார். மேலே ஒரு பெரிய தேவதாரு. அதன் பட்டை ஓரிடத்தில் தேய்ந்து வழுக்கையாகியிருந்தது. எட்டடி உயரத்தில் இல்லை. உட்கார்ந்த ஆளின் தோள் மட்டத்தில். கீழே ஒரு மடக்கு நாற்காலி. கிளையில் பச்சைக் கயிறு கட்டித் தொங்கியது ஒரு மட்டை. கயிற்றில் ரம்பக் கடைக்காரர்கள் போடும் முடிச்சு.

ஆர்விட் தார்ப்பாயைக் கீழே போட்டார். நாற்காலியில் உட்கார்ந்தார். அது ஒருபக்கமாகச் சாய்ந்தது. டெல்மர் எப்போதும் அப்படித்தான் உட்காருவார். ஆப்பிளில் ஒன்றை எடுத்து அவரே தின்றார்.

அப்புறம் இறங்கி நேரே டெல்மர் வீட்டுக்குப் போனார். டெல்மர் சோபாவில் கிடந்தார். வலது கால் முழங்காலிலிருந்து விரல் வரை மாவுக்கட்டு, தலையணை மேல். ஆர்விட் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். சாந்தில் இவ்வளவு பெரிய, இவ்வளவு சுத்தமான காலை அவர் ஜென்மத்தில் கண்டதில்லை.

"சிரிக்கணும்னா சிரிச்சிட்டுப் போ. வேர்ல வழுக்கிடுச்சு" என்றார் டெல்மர்.

ஆர்விட் பீச் டப்பாவை மேஜை மேல் வைத்தார். டெல்மர் அதைப் பார்த்தார், நனைந்த கால்சட்டையைப் பார்த்தார், கால்சட்டையில் ஒட்டியிருந்த தேவதாருப் பட்டைத் துகளையும் பார்த்தார். ரம்பத்தில் ஒரு பல் மழுங்கினாலும் கண்டுபிடிக்கிற மனுஷன்.

"நீ எப்பத் தட்டுவ?" என்று கேட்டார்.

"சனிக்கெழம. சூரியன் எறங்குறப்ப."

"மூணு தட்டா?"

"மூணு."

குளிர்பதனப் பெட்டி உறுமி அடங்கியது. ஒரு வார்த்தையில் முடிந்திருக்கும். ஆனால் அந்த வார்த்தையைச் சொன்னால், இவனோடு பேசவே மாட்டேன் என்று சபதம் போட்டுவிட்டு, அவனோடே இத்தனை வருஷமும் வாராவாரம் பேசியிருக்கிறோம் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். எட்டடிக் குரங்கை நம்புவது அதைவிடச் சுலபம்.

"அப்ப ரெண்டு இருக்குய்யா" என்றார் டெல்மர். "ஒங்கரைல ஒண்ணு. எங்கரைல ஒண்ணு."

ஆர்விட் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். "நானும் அதேதான் நெனச்சேன்."

திருவிழாவில் இருவரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து, இரண்டு பெருங்காலன்கள் இருப்பதை உலகத்துக்கு அறிவித்தார்கள். நெடீன் பின்வரிசையில் கைதட்டினாள்.

ஆனால் அதற்கு முந்தின சனிக்கிழமையே ஆர்விட் தன் கரைக்குத் திரும்பிப் போய் மூன்று தட்டுத் தட்டியிருந்தார். கருவியை நீட்டிக்கொண்டு காத்திருந்தார். அக்கரையில், டெல்மர் வீட்டுத் திசையில், இரும்புத் தோசைக்கல்லைக் கரண்டியால் அடித்தது போல ஒரு சத்தம். டங். டங்.

ஆர்விட் கருவியை வாயருகே கொண்டுபோனார். கம்பீரமாகப் பதிவு செய்தார்: "பதில் வந்தது. மிருகம் கருவிகளைப் பயன்படுத்தக் கற்றுக்கொண்டிருக்கிறது."