புல்லட் சத்தம் கேட்டு ஓடியவர்கள்

ஐம்பத்தொரு வயதில் புல்லட் வாங்கினேன். பழைய மாதிரி, கறுப்பு நிறம், உதைத்துத்தான் கிளப்ப வேண்டும். "முட்டி வலின்னு தைலம் தேய்க்கிற ஆளுக்கு இது இன்னாத்துக்கு?" என்றாள் மனைவி. அவளுக்கு என்ன தெரியும்? படிக்கிற காலத்தில் கண்ணமங்கலம் கடைத்தெருவில் ஒரு புல்லட் போனால், சத்தம் தேய்ந்து அடங்குகிற வரைக்கும் வாயைப் பிளந்து நின்றவன் நான். அந்தச் சத்தத்துக்காகவே வாங்கினேன்.

மலைமேல் நெல்லிவாசல்நாட்டில் ஒரு சின்ன ஊருக்கு நான்தான் வாத்தியார். ஆறு வருடமாக ஜீப்பில் இடிபட்டு, மிச்ச தூரம் நடந்து போனவன், அந்தத் திங்கட்கிழமை காலை, பூமாலை போட்ட வண்டியில் மலையேறினேன். பிள்ளைகள் ஓடிவந்து மொய்ப்பார்கள் என்று மிட்டாய் வேறு வாங்கி வைத்திருந்தேன்.

போய்ப் பார்த்தால் ஊரில் ஒரு ஈ காக்கை இல்லை. அடுப்பில் களி கொதிக்கிறது, ஆளைக் காணோம். பள்ளிக்கூடம் காலி. வந்த கோபத்தில் தனியாக உட்கார்ந்து மிட்டாயைத் தின்றேன். மதியம் சத்துணவு சமைக்கிற அம்மா வந்து சொன்ன பிறகுதான் விளங்கியது. அந்த மலையில் புல்லட்டில் வருவது வனத்துறைக் காக்கிச்சட்டைக்காரர்கள் மட்டும்தான். தேன், விறகு என்று ஏதாவது கேள்வி கேட்க வருவார்கள். அதனால் சத்தம் கேட்டதுமே பிள்ளைகளை இழுத்துக்கொண்டு காட்டுக்குள் போய்விட்டார்கள். ஆறு வருடம் பழகிய பிள்ளைகள் என்னைக் கண்டா ஓட வேண்டும்? மனசு விட்டுப்போயிற்று.

மறுநாள் கடைசித் திருப்பத்திலேயே வண்டியை அணைத்துவிட்டுத் தள்ளினேன். மேட்டுப் பாதை, உயிர் போயிற்று. அந்த அம்மா எதிரே வந்தார்.

"இன்னா சாரு, தள்றதுக்கா வாங்கினீங்க?"

"சத்தம் கேட்டா மறுபடியும் ஓடிடுவீங்களேம்மா."

அவர் பின்னால் வந்து தள்ளக் கைகொடுத்தார். பள்ளி வாசலில் பிள்ளைகளும் அம்மாக்களும் தள்ளியே நின்று பார்த்தார்கள். "கிளப்புங்க சாரு" என்றார் அந்த அம்மா.

"வேணாம்மா, பயந்துக்குவாங்க."

"இந்தச் சத்தத்த ஓடிக்கினேதான் கேட்டிருக்கோம். ஒரு வாட்டி நின்னு கேக்கிறோம், கிளப்புங்க."

மூன்றாவது உதையில் கிளம்பியது. ஒரு குழந்தை மட்டும் அம்மாவின் சேலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டது, வேறு ஒருவரும் அசையவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. பெட்ரோல் போனால் போகிறது என்று, அவர்கள் போதும் என்கிற வரைக்கும் நான் வண்டியை அணைக்கவே இல்லை.